நிறுத்தச் சொன்ன சேதி

“என் பேரு நவநீதகிருஷ்ணனுங்க. வயசு இருபத்தொம்பது. சொந்த ஊரு மோகனூரு, வேலை ஜெர்மனியில. இப்ப லீவுல வந்து, சேலம் அஸ்தம்பட்டியில எங்க சின்னம்மா ஊட்டு மொட்டை மாடியில இருக்கேன்.”

அவன் பேசப் பேச, செல்போனில் எழுத்துகள் வந்து விழுந்தன. படித்துப் பார்த்தான். போலீசில் எழுதிக் கொடுப்பதுபோல் இருந்தது. ஆனால் வேறு எப்படித் தொடங்குவது? காலையில் அப்பா புதிதாகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் பாதிக்கு மேல் தெரியாத எண்கள். அதில் இரண்டு பெண் வீடுகள். இரண்டு வீட்டுக்குமே அவன்தான் மாப்பிள்ளை. இரண்டு வீட்டோடும் வருகிற வெள்ளிக்கிழமை உப்புச்சர்க்கரை மாற்றிச் சம்பந்தத்தை உறுதி செய்துகொள்வதாகப் பேச்சு. இந்தப் பக்கத்தில் அது முடிந்துவிட்டால் பிறகு வார்த்தை மாற முடியாது.

இதற்கெல்லாம் வித்து அவன் வாயிலிருந்தே விழுந்திருந்தது.

அவன் செய்கிற ஆராய்ச்சியை ஊரில் ஒருவருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. சிக்கலான ஒரு கேள்விக்கு விடை உண்டா, இல்லவே இல்லையா என்று கம்ப்யூட்டரே தர்க்கம் பண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஒரே கேள்வியில் ஏவிவிட்டு, அவை ஒன்றின் காலை ஒன்று மிதிக்காமல் தேட வைப்பது அவன் வேலை. போன தை மாதம் போனில் அப்பா கேட்டபோது அவன் இப்படிச் சொல்லிப் பார்த்தான்:

“ஆளுக்கொரு பக்கம் தேடப் போறாங்கன்னு வெச்சுக்கங்கப்பா. இந்தப் பக்கம் ஒண்ணுமில்லைன்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சா மத்தவங்களுக்குச் சொல்லிப்போடுவான். அவங்க அங்க போய் அலைய வேண்டியதில்லை. எவனுக்காச்சும் விடை கெடச்சுட்டா, நிறுத்துன்னு சேதி போகும். அத்தனை பேரும் நிறுத்திக்குவாங்க.”

“நல்ல ஏற்பாடா இருக்குதே சாமி,” என்றார் அப்பா.

ஒருவருக்காவது புரிந்ததே என்று அன்றைக்கு அவனுக்கு ஏக சந்தோஷம். அப்பாவுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. மறுவாரமே சேந்தமங்கலம் பக்கம் தனபால் மாமாவையும், சேலம் பக்கம் வசந்தாமணி சின்னம்மாவையும் பெண் தேட விட்டார். நம்ம குலக் கூட்டமாக இருந்தால் பங்காளி முறை, பேச்சே வேண்டாம். மற்றபடி நல்ல இடமாகப் பாருங்கள் என்பது மட்டும் நிபந்தனை.

மாமா முந்திக்கொண்டார். கனிஷ்கா என்ற பெண். காளப்பநாயக்கன்பட்டியில் கோழிப்பண்ணைக் குடும்பம். அப்பாவும் உடனே குடும்பக் குழுவில் சேதி போட்டார்: ‘எடம் அமைஞ்சுருச்சு. எல்லாரும் நிறுத்திக்கலாம்.’

சின்னம்மா அந்தக் குழுவில் இல்லை. மாமா மகள் கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பேரைக் கடைசி வரியில் போட்டதற்காகக் கோபித்துக்கொண்டு எப்போதோ வெளியேறியிருந்தாள். ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் தொடர்பு விட்டுப்போனால் அது செத்ததாகக் கணக்கு. இங்கே தொடர்பு விட்டுப்போனது ஸ்கூட்டியில் சேலம் முழுக்கச் சுற்றி, மைதிலி என்று இன்னொரு பெண்ணைப் பிடித்து, அதே வெள்ளிக்கிழமைக்கு வாக்கும் கொடுத்துவிட்டது.

நேற்றுத்தான் விஷயம் உடைந்தது. அப்பா யோசித்தார். எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தால் குழப்பம் தீரும் என்று புதுக் குழுவைத் தொடங்கிவிட்டார். கனிஷ்காவின் அப்பா அதில் ‘சம்பந்தி வீட்டாருக்கு வணக்கம்’ என்று எழுதியிருந்தார். அதற்குத் தாமரைப்பூப் படத்தோடு ‘வணக்கம் சம்பந்தி’ என்று பதில் போட்டிருந்தவர் மைதிலியின் பெரியப்பா.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சின்னம்மா கையில் போனோடு மேலே வந்தாள். அதில் மாமாவின் குரல் அலறிக்கொண்டிருந்தது.

“ஏம்மிணி, நிறுத்தச் சொன்னமல்லோ?”

“எங்கிட்ட யாருங்கண்ணா சொன்னாங்க? உங்க பத்திரிகையில எங்கூட்டுக்காரரு பேரு தெரிஞ்ச லட்சணத்துல சேதியும் தெரிஞ்சிருக்கும்.”

“அத இன்னும் உடலியா நீயி? மாப்ள, நீ அங்க இருக்கறியா? என்ர வாக்கு போச்சுன்னா நான் பண்ணைக்காரர் மூஞ்சியில முழிக்க முடியாது. ஜெர்மனியில கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜருன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

“மேனேஜரா?” என்றாள் சின்னம்மா. “நான் காலேஜுல பெரிய புரொபசருன்னு சொன்னேன். ஆயுசுக்கும் வேலைன்னு.”

நவநீதகிருஷ்ணன் இருவருக்கும் பொதுவாகப் போனைப் பார்த்தான். “மாமா, நான் மேனேஜரில்லீங்க.”

“பின்ன?”

“புரொபசரும் இல்லீங்க சின்னம்மா.”

“அப்ப நீ யாரு சாமி?” என்றாள் சின்னம்மா. கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

எந்தப் பெண்ணுக்கு ஆம் என்பது, எந்த வீட்டின் தலை குனியாமல் காப்பது என்றுதான் இரவெல்லாம் குழம்பிக்கொண்டிருந்தான். இப்போது பார்த்தால், இரண்டு வீடும் ஒப்புக்கொண்டது இரண்டு வேறு ஆட்களை. இரண்டு பேருமே இல்லாத ஆட்கள். கேள்வியையே தப்பாகக் கொடுத்துவிட்டு, எத்தனை கம்ப்யூட்டரை ஏவினால்தான் என்ன?

“கொஞ்சம் பேசாம இருங்க ரெண்டு பேரும்,” என்று சொல்லிவிட்டு, போனை மறுபடி வாயருகே கொண்டு போனான். மாமா அந்த முனையில் இருமினார். சின்னம்மா தண்ணித் தொட்டி மேல் உட்கார்ந்தாள்.

“நான் மேனேஜரோ புரொபசரோ இல்லீங்க. பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்றேன். ரெண்டு வருசத்துக்குக் கான்ட்ராக்ட். முடிஞ்சா மறுபடி எங்காச்சும் எழுதிப் போடோணும். அது எந்த நாடுன்னு எனக்கே தெரியாது. கெடைக்காமயும் போகலாம். சம்பளம் வருது, சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. இந்தக் குழுவுல பொண்ணு ஊடு ரெண்டு இருக்குதுங்க. ஒருத்தருக்கொருத்தர் வணக்கம் சொல்லிக்கிட்டது மாப்பிள்ளை ஊட்டுக்கில்லை. தப்பு எங்க பக்கந்தான், பொண்ணுக மேல ஒரு சொல்லு வரக்கூடாது. நான் இன்னும் யாருக்கும் ஆமான்னு சொல்லல. அவங்க ஆமான்னு சொன்னதும் என்னையப் பாத்து இல்லீங்க.”

சின்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சொன்னதில் எதையும் அவன் அழிக்கவில்லை. கடைசியாக ஒரு வரி சேர்த்து அனுப்பினான்.

“இதப் படிக்கறது யாரா இருந்தாலும் செரி, வெள்ளிக்கிழமைக்கு முன்னால இந்தப் போன அந்தப் பொண்ணுக கையில குடுத்து, அவங்களையே ஒருக்காப் படிக்கச் சொல்லுங்க.”