மூன்று முறை ஒன்றுமில்லை

இன்ஷூரன்ஸ் கம்பெனிக் கடிதத்தை, உதவிக்கு வந்திருந்த மாய்லின் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்ததும், நைசாக அடுப்படிக்குள் நழுவிவிடலாமா என்று பார்த்தாள் நெரேய்தா. முடியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவள் கணவன் எலிகியோ, கடிதத்தை விட்டுவிட்டு இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புயலால் வீட்டுக்குக் குறிப்பிடத்தக்க சேதம் ஏதுமில்லை என்றது கடிதம். சேதம் என்ன என்று எங்கள் அலுவலர் கேட்டதற்கு வீட்டுக்காரப் பெண்மணி மூன்று முறை ‘ஒன்றுமில்லை’ என்று பதில் கூறினார். எனவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

"மூணு தடவையா?" என்றான் எலிகியோ.

நெரேய்தா மேசைவிரிப்பின் மடிப்பை நீவிவிட்டாள். நிராகரிப்பு என்ற வரியை மட்டும் படித்துவிட்டு, கம்பெனிக்காரன் பொய் எழுதிவிட்டான் என்று ஒரு மாதமாகத் தெரு முழுக்கத் திட்டிக்கொண்டு திரிகிறான் இந்த மனுஷன். அவளும் கூடச் சேர்ந்து தலையாட்டியிருக்கிறாள்.

நடந்தது இதுதான். புயல் போன பத்தாம் நாள் கம்பெனி ஆள் வருகிறார் என்று தகவல் வந்தது. எலிகியோ பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போயிருந்தான். ஒரு அந்நிய மனிதர் வீட்டுக்குள் வரப்போகிறார், கூடமோ கோரமாகக் கிடக்கிறது. ஸ்பானிஷ் பேசும் இந்த ஹயலீயா ஊரில் மானமுள்ள எந்தப் பெண் சும்மா இருப்பாள்? தரையை மூன்று தரம் துடைத்தாள். கூடத்துச் சீலிங்கில் படர்ந்திருந்த ஈரக்கறை மேல், சமையலறைக்கு அடித்து மிச்சமிருந்த பெயிண்டை ஏணி போட்டு ஏறி அடித்தாள். நனைந்த மெத்தை, உப்பிப்போன அலமாரிக் கதவுகள், பெயர்ந்து விழுந்த காரை எல்லாவற்றையும் பின்னறைக்குள் தள்ளிப் பூட்டிச் சாவியை மாவு டப்பாவில் போட்டாள். பிறகு புதுச் சட்டை போட்டுக்கொண்டு காபி போட்டாள்.

வந்தவர் டெரெக். வடக்கே அயோவா மாநிலத்துக்காரர், நல்ல மாதிரி. ஸ்பானிஷ் பேசினார், ஆனால் புத்தகத்தில் படித்த ஸ்பானிஷ். "அம்மையீர், தாங்கள் நலமா? தங்கள் இல்லத்தில் சேதம் யாது?" என்றார். நெரேய்தா, "அட, ஒண்ணுமில்ல, உக்காருங்க" என்றாள். கொய்யா பஃப்ஸ் தட்டை நீட்டியபோது ஒரு முறையும், பின்னறைக் கதவைக் காட்டி அவர் கேட்டபோது ஒரு முறையும் அதையே சொன்னாள். விருந்தாளியிடம் வேறு என்ன சொல்வார்கள்? இங்கே இடிந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவள்கூட அப்படித்தான் சொல்வாள். அயோவாவில் ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதான் போலிருக்கிறது. கூரைமேல் ஏறிப் பார்க்காமலே அவர் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது வீட்டுமேல் நீலத் தார்ப்பாய்தான் கூரை. ஜூன் பிறந்தால் அடுத்த புயல் பருவம். புதுக்கூரை போடாவிட்டால் பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கம்பெனி தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தது. அப்புறம் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, லூயிவில் நகரத்தில் மகள் வீட்டு நிலவறையில் போய்ப் படுக்கவேண்டியதுதான். மகள் பாசக்காரி, ஏற்கெனவே துணி துவைக்கும் இயந்திரத்தை நகர்த்திக் கட்டில் போட்டுவிட்டாள். அங்கே பனி கொட்டும். முப்பத்தொரு வருஷம் வாழ்ந்த வீட்டை விட்டுப் போவதா? அதுவும் தன் வாயாலேயே கெட்டுப் போவதென்றால்!

அதனால்தான் மாய்லினை அமர்த்தினார்கள். அவள் பப்ளிக் அட்ஜஸ்டர். அட்ஜஸ்டர் என்றதும் பஸ்ஸில் மூன்றாவது ஆளாக இடித்து உட்கார்ந்துகொண்டு ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க’ என்பவரை நினைத்துவிடக்கூடாது. இவள் அதற்கு நேர்மாறு. வீட்டுக்காரர் பக்கம் நின்று, சேதத்தை அளந்து, கம்பெனியோடு மல்லுக்கட்டுகிறவள். வாங்கித்தருவதில் பத்தில் ஒரு பங்கு அவளுக்கு, வாங்கித்தராவிட்டால் பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்றாள். வேன்மேல் ஏணி, காலில் பூட்ஸ், முப்பது வயதுகூட இருக்காது. எலிகியோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் அவள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். பளபளவென்றிருந்த தரையைப் பார்த்தாள், சீலிங்கைப் பார்த்தாள், சிரித்தாள்.

"நெரேய்தாம்மா, பூட்டின ரூம் எது?"

"எந்த ரூம்?"

"எங்கம்மா வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. சாவி எங்க, மாவு டப்பாவா, அரிசி டப்பாவா?"

நெரேய்தாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. எழுந்து போய்ச் சாவியில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டுக் கொடுத்தாள். எலிகியோ விழுந்து விழுந்து சிரித்தான், பிறகு கோபம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டான்.

டெரெக்கை மறுபடி வரவழைக்க மாய்லினுக்கு மூன்று வாரம் பிடித்தது. அதுவரை மூன்று கட்டளைகள் போட்டாள். ஒன்றையும் துடைக்கக்கூடாது. அவர் பார்த்து முடிக்கும்வரை காபி கிடையாது. அந்த ஒரு வார்த்தையை வாயில் எடுக்கவே கூடாது. உங்களுக்காக நான் அளக்கலாம், எழுதலாம், சண்டை போடலாம், ஆனா போன தடவை நீங்க சொன்னதை நீங்கதான் மாத்திச் சொல்லணும் என்று அடித்துச் சொல்லிவிட்டாள். போகும்போது நம்பிக்கையில்லாமல் மாப்புக் கட்டையையும் வேனில் போட்டுக்கொண்டு போனாள். அந்த மூன்று வாரமும் நெரேய்தா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. குளியலறையில் ஒழுகலுக்கு வைத்த வாளியைச் சுற்றித் தேங்கிய நீரைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரத்தது.

டெரெக் வந்தார். மாய்லின் தன் ஈரமானியைச் சீலிங்கில் வைத்தாள், அது கத்தியது. டெரெக் தலையசைத்தார். ஆனால் ஈரம் பழையதாகவும் இருக்கலாம், வீட்டுக்கார அம்மா அன்று சொன்னது என் குறிப்பில் இருக்கிறதே என்று தயக்கத்தோடு நோட்டுப்புத்தகத்தைத் திறந்தார்.

"அம்மையீர், மீண்டும் வினவுகிறேன். சேதம் யாது?"

நெரேய்தா அவர் வெறுங்கையைப் பார்த்தாள். காபிக் கோப்பை இல்லாத கை. பாவம், இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். அவள் வாய் பழக்கத்தில் தானாகத் திறந்துகொண்டது.

"ஒண்ணு…"

மாய்லின் உறைந்து நின்றாள். எலிகியோ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான், லூயிவில் பனி கண்ணுக்குள் கொட்டியிருக்கவேண்டும்.

"ஒண்ணு, கூரை" என்றாள் நெரேய்தா. "பாதி ஓடு பக்கத்து வீட்டு நீச்சல் குளத்துல கிடந்துச்சு. ரெண்டு, இந்த சீலிங். நீங்க வர்றீங்கன்னு நான்தான் பெயிண்ட் அடிச்சு மறைச்சேன். விருந்தாளிக்குக் கறையையா காட்டுவாங்க? மூணு, பூட்டின ரூம். வாங்க."

கதவைத் திறந்தாள். காரை தொங்கிய சீலிங் வழியாகத் தார்ப்பாயின் நீலம் தெரிந்தது. மெத்தையில் பூஞ்சை கறுத்துக் கிடந்தது. டெரெக் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுத ஆரம்பித்தார். இவள் நிறுத்தவில்லை. அலமாரி, தையல் மெஷின், குளியலறை ஒழுகல், மின்விசிறிக்குள் ஏறிய தண்ணீர் என்று விரல்விட்டு எண்ணிப் பதினொன்றுக்கு வந்தாள். வாயைத் திறந்தவளுக்கு மூட முடியவில்லை. பன்னிரண்டாவதாக, துடைத்துத் துடைத்துத் தேய்ந்த தன் முழங்கால்களைச் சொன்னாள்.

"பதிமூணு, எப்படி இருக்கேன்னு எல்லாரும் கேக்கறாங்க. கேட்டுட்டுப் பதிலுக்கு ஒருத்தரும் நிக்கறதில்ல. வீட்டுக்குள்ளயே ஒருத்தர் இருக்காரு, முப்பத்தொரு வருஷமா அப்படித்தான்."

எலிகியோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். டெரெக் பதிமூன்று என்று போட்டு அதையும் எழுதினார். எதையும் விடாமல் எழுதுகிற மனிதர். அவர் நோட்டை மூடிய நொடியில் நெரேய்தா அடுப்படிக்கு ஓடிக் காபி வைத்தாள்.

ஐந்து வாரத்தில் கடிதம் வந்தது. மாய்லின் அதை இரண்டு முறை படித்துக் காட்டினாள். ஒன்று முதல் பதினொன்று வரை ஏற்கப்படுகின்றன, கூரை முழுவதும் புதிதாக. பன்னிரண்டு, பதிமூன்று ஆகியவை இப்பாலிசியில் அடங்கா, வருந்துகிறோம். நெரேய்தா மாய்லினைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மாப்புக் கட்டையைத் திருப்பித் தரச்சொன்னாள். துணி துவைக்கும் இயந்திரத்தைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொள் என்று மகளுக்குப் போன் போட்டாள்.

மே மாதத்தில் ஒரு பிற்பகல். கூரைமேல் ஆட்கள் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவிட்டு வந்த எலிகியோ, வழக்கமான டாமினோ ஆட்டத்துக்குக் கிளம்பாமல் சமையலறை வாசலில் நின்றான். உள்ளே தரை ஈரமாக இருந்தது. பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்தான்.

"ஏ கிழவி, எப்படி இருக்கே?"

நெரேய்தா மாப்புக் கட்டையைப் பிடித்தபடி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒண்ணு…" என்று ஆரம்பித்தாள்.

எலிகியோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.