பிள்ளை பார்க்கச் சாப்பிடுவது

கண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டி நடந்தால், பொழுதுபட்ட பிறகு ஒரு சத்தம் கேட்கும். இரண்டு தகடுகள் இரும்புக் கல்லில் ரொட்டியைக் கொத்தும் சத்தம். அந்தச் சத்தம் நான்தான். பெயர் சதீஸ்குமார். கடைசி பஸ் போனாலும் பரவாயில்லை என்று என் கொத்து ரொட்டிக்காக நிற்பவர்கள் உண்டு. ஒருநாள் ஒரு பெரிய மனிதர் கார்க் கண்ணாடியை இறக்கி, "தம்பி, ஒன் கைக்கு ஒரு மோதிரம் போடணும்" என்றார். போடவில்லை. ஆனாலும் சொன்னாரே!

அந்தப் பெருமை முழுவதையும் ஒரே வாயில் துப்பியவள் என் மகள் மிதுஷா.

அவளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் சோறு ஊட்ட நல்ல நாள் பார்த்தோம். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பேச்சியம்மா அக்கா முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். அக்கா என்னைவிடப் பதினாறு வயது மூத்தவள். நான் தவழும்போதே அம்மா போய்விட்டதால் என்னை வளர்த்ததும் அவள்தான், அடித்ததும் அவள்தான். பிள்ளையார் கோயிலில் அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள, நான் சர்க்கரைப் பொங்கலில் துளி எடுத்து உதட்டில் வைத்தேன். மிது என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நாக்கால் ஒரு தள்ளு. பொங்கல் அக்காவின் புதுச் சேலையில் விழுந்தது. ஐயர் உட்பட எல்லாரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. குழையக் குழைய வடித்த சோற்றை மசித்துக் கொடுத்தேன்; வாயைப் பூட்டிக்கொண்டாள். பூசணிக்காய் அவித்தேன். கரட், உருளைக்கிழங்கு, வாழைப்பழம், எதற்கும் மசியவில்லை. தட்டில் கரண்டியால் கொத்துத் தாளம் போட்டுக் காட்டினேன். கையைத் தட்டிச் சிரித்தாள். சிரிக்கிற வாய்க்குள் கரண்டியை நுழைக்கப் பார்த்தால் பட்டென்று மூடினாள். எனக்கு ஒரு ரசிகை கிடைத்தாள், வாடிக்கைக்காரி கிடைக்கவில்லை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரான் பிள்ளைகளுக்கு நான் தினமும்தான் ஊட்டுகிறேன்.

வீட்டுக்கு வந்த மிட்வைஃப் நிலூஷா மிஸ், "வற்புறுத்தாதீங்க, அவங்களா கேப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

என் மனைவி யசோதினி மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அவள் குடும்பத்தில் கொழுந்துக் கூடை தூக்காத முதல் பெண். பிரசவ லீவு முடிந்து திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டிலிருந்து விடியக் காலையில் வத்தேகம பஸ்ஸைப் பிடித்தால் பிற்பகல்தான் வருவாள். நான் கடைக்குப் போவது அதற்குப் பிறகு. ஆகவே பகலில் பிள்ளை என் பொறுப்பு என்று மிது வயிற்றில் இருக்கும்போதே பேசி முடித்திருந்தோம். "ஊருக்கே ஆக்கிப் போடுறேன், எம் பிள்ளைக்குப் போட மாட்டேனா?" என்று நெஞ்சை நிமிர்த்தியவன் நான். தாய்ப்பாலை எடுத்து வைத்துக் கோப்பையில் கொடுத்தும் பார்த்தோம். கோப்பையைக் கண்டாலே மிது தெருவுக்குக் கேட்க அலறினாள். தாயின் நெஞ்சைத் தவிர உலகத்தில் வேறு சாப்பாடு உண்டு என்பதை அவள் ஏற்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை யசோ புதிதாகத் தேய்த்த சேலையை மடித்து அலுமாரிக்குள் திரும்ப வைத்தாள்.

"லீவ நீட்டிக்கிறேங்க. பிள்ள பட்டினி கெடந்து நான் என்னத்த படிச்சுக் குடுக்க?"

"எத்தன மாசத்துக்கு நீட்டுவ?"

"தெரியல. வேலையே வேணாம்னாலும் சரிதான்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். அந்த வேலைக்காக அவள் எத்தனை வருடம் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் தண்ணீர்க் குடத்தை நங்கென்று வைத்தேன்.

"ஒரு நாள் தா. நாளைக்கு ஒரு நாள்."

"பதினொரு மணிக்குள்ள ஒரு வாய் சாப்பிடலன்னா போன் பண்ணணும். உடனே வந்துருவேன். அதுக்கப்புறம் போகவே மாட்டேன். சரியா?"

"சரி" என்றேன்.

திங்கட்கிழமை காலை வாசலில் நின்று நின்று போனாள். அவள் படி இறங்கியதும் மிது ஆரம்பித்தாள். பருப்பு மசித்தேன், துப்பினாள். சோறு மசித்தேன், என் சட்டையில் பூசினாள். கெஞ்சினேன், பாடினேன், குரங்கு போலக் குதித்துக் காட்டினேன். மேல் வீட்டு அம்மா ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பதினொரு மணி ஆகும்போது இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

போனைக் கையில் எடுத்தேன். விரல் போகவில்லை. வயிறு வேறு காந்தியது. முதல்நாள் இரவு கடையில் சாப்பிட்டதுதான். அடுப்படியில் யசோ எனக்காகச் சோறு போட்டு மூடி வைத்திருந்தாள். கெட்ட செய்தியைப் பசியோடு சொல்லக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டு தட்டை எடுத்தேன்.

இங்கே எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளைப்பேறு பார்க்க வந்த நாளிலேயே அக்கா போட்ட சட்டம் அது. "பிள்ள பாக்க சாப்பிடக் கூடாது. திங்கத் தெரியாத பிள்ள வாயப் பாத்துப் பாத்து ஏங்கிப் போயிரும். ஏக்கம் வயித்துல விழுந்தா மருந்தே கெடையாது." நாங்கள் தட்டவில்லை. யசோ அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்றபடியே, சட்டியிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவாள். நான் கடையில் சாப்பிட்டுவிட்டு வருவேன். மிது பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் தட்டோடு உட்கார்ந்ததில்லை.

அன்றும் சட்டப்படி திரைக்குப் பின்னால்தான் போனேன். நான் மறைந்த உடனே அவள் உயிர் போவது போல் வீரிட்டாள். வெளியே வந்தால் நிறுத்தினாள். உள்ளே போனால் வீரிட்டாள். மூன்றாம் முறை எனக்குப் பொறுமை போய்விட்டது. 'ஏங்கினால் ஏங்கட்டும், இனி ஏங்குவதற்கு என்ன மிச்சம்' என்று பாயில் அவளுக்கு நேர் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். தேங்காய்ப்பால் பருப்பைச் சோற்றில் பிசைந்து ஒரு பிடி வாயில் போட்டேன். பசி ருசி அறியாது என்பது பொய். யசோவின் பருப்பு அன்று அமிர்தமாக இருந்தது.

அடுத்த பிடியை எடுத்தபோதுதான் வீடு அமைதியாக இருப்பதைக் கவனித்தேன். மிது என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை தட்டுக்குப் போனது, கண்ணும் போனது. கை வாய்க்கு வந்தது, கண்ணும் வந்தது. நான் மென்றேன். அவளுடைய பல்லில்லாத வாய் மெல்ல அசைந்தது. ஒன்றும் இல்லாத வாயை அவள் மென்றுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பிள்ளை பிறந்து இத்தனை நாளில் ஒரு மனிதர் சாப்பிடுவதைப் பார்த்ததே இல்லை. கரண்டியோடு வந்து பாடுகிறவனும் கெஞ்சுகிறவனும் எதற்காக வருகிறான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

தட்டிலிருந்த காரச் சம்பலையும் பொரித்த நெத்தலியையும் எட்டத் தள்ளி வைத்தேன். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நான் பாட்டுக்குச் சாப்பிட்டேன். சற்று நேரத்தில் ஒரு குட்டிக் கை தட்டுக்குள் பாய்ந்தது. பிடித்ததில் முக்கால்வாசி என் மடியில் கொட்டியது. மிச்சத்தை அவளே வாய்க்குள் கொண்டுபோனாள். முகத்தைச் சுளித்தாள். கண்ணை மூடினாள்.

விழுங்கினாள்.

பிறகு என்னை அண்ணாந்து பார்த்து வாயைத் திறந்தாள். பருப்புச் சோற்றைப் பசையாக மசித்து விரல் நுனியில் வைத்தேன். விரலையும் சேர்த்து ஈறால் கடித்தாள். இந்தக் கைக்கு மோதிரம் போட ஆசைப்பட்டவர் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

யசோவுக்கு போன் பண்ணினேன். மணி அடிக்கும் முன்பே எடுத்துவிட்டாள். பின்னால் பிள்ளைகள் கூட்டல் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம்.

"வரட்டுமாங்க?"

"வேணாம். நாளைக்குக் கொஞ்சம் கூடுதலா ஆக்கிட்டுப் போ. எனக்குச் சோறு பத்தல."

"என்ன சொல்றீங்க?"

"ஒம் மக எந் தட்டுல கை வச்சிட்டா யசோ."

வாய்ப்பாடு மட்டும் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். "டீச்சர் ஏன் அழுறீங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

பிற்பகல் அவள் மூச்சிரைக்க வந்து மகளை அள்ளிப் பால் கொடுத்தாள். அது முடிந்ததும் பழக்கதோஷத்தில் திரைக்குப் பின்னால் சட்டியைத் தேடிப் போனாள். "இங்க வந்து உக்காரு" என்று தட்டில் போட்டுக் கொண்டுவந்தேன். சாப்பிட்டாள். எவ்வளவு வேகமாகச் சாப்பிடுகிறாள் என்று அன்றுதான் பார்த்தேன். யாரோ பிடுங்க வருவது போல, அள்ளி அள்ளி. ஊருக்கே ஆக்கிப் போடுகிறவன், கட்டியவள் சாப்பிடுகிறாளா என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"மெதுவா சாப்பிடு. நான் கடைக்குப் பிந்திப் போறேன்" என்றேன். முதலாளி ஏசினார். ஏசட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை வரச் சொன்னோம். நான் போனில் எதுவும் சொல்லவில்லை. நேரில் கிண்டல் பண்ணுவதற்கு வைத்திருந்தேன். மீன் குழம்பு, பருப்பு, கீரை என்று யசோ தடல்புடலாகச் சமைத்தாள். பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம். அக்கா தட்டை வாங்கியதும் எழுந்துபோய் சுவரைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, ஒஞ் சட்டம் இந்த வீட்டுல செல்லாது" என்றேன். திங்கட்கிழமை நடந்ததை உப்புப்புளி சேர்த்துச் சொன்னேன். "ஏக்கமாம் ஏக்கம்! எங்கருந்து அக்கா புடிச்ச இந்தச் சட்டத்த? எம் பிள்ளைய பட்டினி போடப் பாத்தியே!"

அவள் திருப்பி ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அக்காவின் வாய்க்குத் தோட்டத்தில் கங்காணியே பயப்படுவார். ஆனால் அவள் சுவரைப் பார்த்தபடியே, சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினாள்.

"நானாத்தான் போட்டேன்டா. யாரும் சொல்லித் தரல."

"எதுக்கு?"

"நீ சின்னப் பிள்ளையா இருக்கயில ஒனக்குக் குடுத்தது போக எனக்கு அரை ரொட்டிதான் மிஞ்சும். அதத் தின்னுட்டுத்தான் கொழுந்து பறிக்க மலையேறணும். நீ பாத்தா கேப்ப. நீ கேட்டா என்னால குடுக்காம இருக்க முடியாது. அதான் திரும்பி உக்காந்துக்குவேன். ஏக்கம் கீக்கம்னு சொன்னா மத்தவங்க வேற ஏதும் கேக்க மாட்டாங்க."

ரொட்டி கொத்துகிற என் கை தட்டில் அப்படியே கிடந்தது. அக்காவின் முதுகை நான் சின்ன வயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கோபக்காரி, சாப்பிடும்போதுகூட முகம் காட்ட மாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"மதினி" என்று யசோ கூப்பிட்டாள்.

மிதுவுக்கு மட்டும் இதெல்லாம் ஒன்றும் இல்லை. என் மடியிலிருந்து எட்டி, அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். தன்னிடம் காட்டாமல் ஒருத்தர் சாப்பிடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. ம், ம் என்று அதட்டினாள்.

"பாரு, கேக்குறா" என்றாள் அக்கா. குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"குடு அக்கா. சட்டி நெறைய இருக்கு."

அக்கா கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.