கவுளி தேர்ந்தெடுத்த பந்துவீச்சாளன்

1

இந்தக் கதையை உக்கடத்து பேக்கரி ஒன்றில் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தபோது ஒட்டுக்கேட்டேன். அப்படியே எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன். வீட்டுக்கு வந்து யோசித்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: ‘பெரியகுளத்தின்மேல் அந்திச் சூரியன்...’

(வேண்டாம். வெளிச்சம் போதவில்லை என்று அம்பயர் சொல்லட்டும், அப்போது சூரியனைக் கவனித்துக்கொள்ளலாம்.)

2

அப்துல் முத்தலிப் பூட்டுக்கடைக்காரர். குளக்கரை லெவன் அணிக்கு வெறிபிடித்த ரசிகர். ஊர் லீக்கில் அணிகள் முறைவைத்து ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் டிராஃப்ட் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. குளக்கரை லெவனின் முதலாளி சுந்தரராஜுலுவுக்கு நேர் பின்னால் முத்தலிப் உட்கார்ந்திருந்தார்.

சுந்தரராஜுலுவுக்கு மில் இருக்கிறது, கார் இருக்கிறது, ஆனாலும் கவுளி சொல்லாமல் ஒரு காரியம் செய்யமாட்டார். [கவுளி என்றால் பல்லி. அது சத்தம் போட்டால் சம்மதம்.] ஒவ்வொரு பெயராகச் சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்துக் காத்திருந்தார்.

“சாய்சரண்” என்றார். போன வருடம் அந்தப் பையன் போட்ட வைடெல்லாம் முத்தலிப் கண்முன் வந்தது. தாளமாட்டாமல் உச்சுக் கொட்டினார்.

“கவுளி சொல்லிப்போட்டுதுங்க! இவனையே எடுத்துக்கலாமுங்க!” என்று முதலாளி எழுந்தே நின்றுவிட்டார்.

3

அன்றிலிருந்து பேக்கரியில் வேறு பேச்சே இல்லை.

“கெழக்கால சொல்லுச்சுங்களா, மேக்காலயா?” என்றார் டீ குடிக்க வந்த சுப்பண்ணன். “தெசை தெரியாம ஆளெடுத்தா வெளங்குமுங்களா?”

“அது கவுளியே இல்லீங்க, ஓணானா இருக்கும்” என்றார் கல்லாவில் இருந்த கீதா.

“அந்தக் கவுளிக்கு கிரிக்கெட்டே தெரியாதுங்க!” என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தினார் முத்தலிப்.

(இங்கே அவரை உண்மையைச் சொல்ல வைத்தேன். “அது நாந்தானுங்க, அந்த...” முடிப்பதற்குள் சாய்சரண் உள்ளே வந்துவிட்டான். நான் கூப்பிடவில்லை.)

“பாய், எங்கூட்லயே என்னைய யாரும் நம்புனதில்லீங்க. அந்தக் கவுளி நம்புச்சுங்க. பந்து போடறப்பெல்லாம் அதத்தான் நெனச்சுக்கறேன்.”

முத்தலிப் பையனுக்கு ஒரு தேங்காய் பன் சொன்னார்.

4

மதுக்கரை அணியோடு இறுதி ஆட்டம். குளக்கரை லெவன் இதுவரை கோப்பையைத் தொட்டதில்லை. மிச்சம் ஒரு ஓவர்.

முடிவு அ: சாய்சரண் வீசி ஜெயிக்கிறான். (சினிமா.)

முடிவு ஆ: அணி தோற்று, பல்லி மன்னிப்புக் கேட்கிறது. (எழுதிப் பார்த்தேன். பல்லி ஒத்துக்கொள்ளவில்லை.)

முடிவு இ: முத்தலிப் எழுந்து...

ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார் சுந்தரராஜுலு. யார் வீசுவது என்று பந்தலில் உட்கார்ந்து பெயர்களைச் சொல்கிறார். கவுளி வாயே திறக்கவில்லை.

“சாய்சரண்.”

மைதானத்தில் நின்றபடி பையன் பந்தலின் கூரையைப் பார்க்கிறான். முதலாளிக்குப் பின்னால் முத்தலிப்பின் நாக்கு அண்ணத்தில் ஒட்டி நிற்கிறது. உச்சுக் கொட்டினால் கோப்பை போனாலும் போகும். கொட்டாவிட்டால் பையனைக் கவுளியும் கைவிட்டதாகிவிடும்.

எனக்கு இதற்குமேல் எழுத மனம் வரவில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் தயவுசெய்து, ஐயோ பாவம் முத்தலிப் என்று இந்த இடத்தில் உச்சுக் கொட்டிவிடாதீர்கள். முதலாளி காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.