முன்னறைக்கு வந்த முதல் விருந்தாளி

பிரிகேடியர் செத்துப்போனதில் ஹாஸ்லம் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று விதமான வருத்தம்.

நெவில் ஹாஸ்லம் அழுதார். இங்கிலாந்தின் டார்வென் ஊரில் வேலைக்காலம் முழுக்கப் பஸ் ஓட்டி, மழைக்கும் பனிக்கும் சில்லறைக்கும் ஏறிய அத்தனை பேரிடமும் திட்டு வாங்கி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷர் அவர். காது தொங்கிய ஒரு சாம்பல் நிற முயலுக்காகச் சமையலறை மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அவர் மனைவி கிளெண்டா, "ரோஜாச் செடிப் பக்கம் மட்டும் பொதைச்சிடாதே" என்று சொல்லிவிட்டுக் கெட்டிலைப் போட்டாள். அவளுடைய வருத்தம் அந்த அளவுக்குத்தான் வெளியே தெரியும்.

மூன்றாவது ஆள் மேபெல், செத்தவனின் ஜோடி. அவள் அழவில்லை. சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

உடலை அவளுக்குக் காட்டச் சொல்லியிருந்தார் கால்நடை மருத்துவர். பார்த்துவிட்டால் தேடமாட்டாளாம். காட்டினார்கள். மேபெல் அவன் காதை நக்கினாள், மூக்கால் ஒரு தள்ளுத் தள்ளினாள், அவன் பதிலுக்குத் தள்ளுவான் என்று காத்திருந்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். மருத்துவர் சொன்னது சரிதான், தேடவில்லை. வேறு எதுவுமே செய்யவில்லை.

நெவில் ஊசி இல்லாத சிரிஞ்சில் பச்சைக் கூழை ஏற்றி, அவள் வாயோரத்தில் துளித்துளியாக விட்டார். பாதி உள்ளே போனது, மீதி அவர் கம்பளிச் சட்டையில் காய்ந்தது.

"மொசலுக்குக் குடல் நின்னா எல்லாம் நின்னுடும்," என்றார் மருத்துவர். "கூழை வெச்சு ரொம்ப நாள் ஓட்ட முடியாது. துணைக்கு ஒண்ணைப் பாருங்க, சீக்கிரமா."

கிளெண்டாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"இன்னும் மண்ணுகூடக் காயல, அதுக்குள்ள ரெண்டாங் கல்யாணமா? ஏன் நெவில், நான் போனா நீயும் இப்படிச் சாப்பாட்டை நிறுத்திடுவியோ?"

"சமைக்கிறது நீதானே. நிறுத்தித்தானே ஆகணும்?"

கடைக்குப் போய் ஒரு முயலை வாங்கி வந்தால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் முயல்காரர்களைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள். அநாதை முயல்களுக்குக் காப்பகம் உண்டு. காப்பகத்துக்கு ஒரு பெர்னிஸ் உண்டு. பழைய பன்றிக் கொட்டகை ஒன்றைப் பெருக்கிக் கழுவி, ஊரார் ஈஸ்டர் பரிசென்று ஆசையாக வாங்கி அடுத்த மாதமே கைகழுவிய முயல்களையெல்லாம் அதில் வைத்துக் காப்பாற்றுகிற பெண்மணி. மனிதர்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அதற்கு அவளைக் குறை சொல்லவும் முடியாது.

முதலில் வீட்டைப் பார்க்க வந்தாள். குழந்தையைத் தத்துக் கொடுக்கிறவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். மின் கம்பிகளை மூடியிருக்கிறீர்களா, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், தோட்டத்தில் நரி வருமா? மண்டிபோட்டுக் கட்டிலுக்கு அடியிலெல்லாம் பார்த்தாள்.

"ராத்திரி கூண்டுல அடைக்கிற வழக்கம் உண்டா?" என்று சந்தேகத்தோடு கேட்டாள்.

"கூண்டா?" என்றாள் கிளெண்டா. "அது என் தலகாணில தூங்குது. கூண்டுல படுக்க வேண்டியது நான்."

பெர்னிஸ் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. ஹாஸ்லம் குடும்பம் தேறிவிட்டது.

மறுநாள் மேபெலைக் கூடையில் வைத்து, மாப்பிள்ளை பார்க்கக் காப்பகத்துக்குப் போனார்கள். முதல் மாப்பிள்ளை பனி மாதிரி வெள்ளை, பார்க்க லட்சணம். வந்த வேகத்தில் கடிக்கப் பாய்ந்தான். இரண்டாமவன் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கப் போய்விட்டான். மூன்றாவது ஒரு பழுப்பு நிறத்தான். ஒரு காது மேலே, ஒரு காது கீழே. வயிறு கொஞ்சம் சரிந்திருந்தது. அவன் பாட்டுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். மேபெல் மெதுவாகப் போய் அவனுக்குக் கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்தாள்.

"அவளுக்குப் பிடிச்சிருக்கு," என்றாள் பெர்னிஸ்.

"எப்படித் தெரியும்?"

"கடிக்கலையே."

"இந்தக் கணக்குல பார்த்தா நம்ம கல்யாணமும் அமோகமான கல்யாணம்தான், நெவில்," என்றாள் கிளெண்டா. "இவன் பேரு என்ன?"

"கெவின்."

"கெவினா? எங்க பேங்க் மேனேஜர் பேராச்சே அது. அவருக்கும் இதே வயிறுதான்."

பெர்னிஸ் இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் சிரிக்கிறவள் இல்லை. நெவில் பக்கம் திரும்பினாள்.

"கண்ணு, இதைக் கவனமாக் கேளு. அவ எடத்துல கொண்டுபோய் இவனை விட்டா கடிச்சுக் கொதறிடுவா. அவ மூக்கே படாத எடமா வேணும். அவளுக்கும் சொந்தமில்லாம, இவனுக்கும் சொந்தமில்லாம இருக்கணும். அங்க வெச்சுத்தான் ரெண்டையும் பழக்கணும். இங்கயே விட்டுட்டுப் போன்னு சொல்லிடுவேன். ஆனா அவ உன் கையால மட்டும்தான் சாப்பிடறா, விட்டா தாங்க மாட்டா. உன் வீட்டுல அப்படி ஒரு ரூம் இருக்கா?"

நெவில் தன் ஷூவைப் பார்த்தார். கிளெண்டா சுவரில் ஒட்டியிருந்த முயல் தடுப்பூசி விளம்பரத்தை வெகு சிரத்தையாகப் படித்தாள்.

இருந்தது. ஹாஸ்லம் வீட்டில் மேபெல் மூக்குப் படாத ஒரே இடம் முன்னறை. மேபெல் என்ன, மனிதர்கள் மூக்கே அங்கே அதிகம் பட்டதில்லை. வெண்ணெய் நிறத்தில் ஒரு கம்பளம், அதே நிறத்தில் சோபா, கண்ணாடி அலமாரியில் யாரும் டீ குடித்தறியாத டீ கோப்பைகள். எந்தக் காலும் மிதிக்காத அந்தக் கம்பளத்தைக் கிளெண்டா வாராவாரம் தவறாமல் சுத்தம் செய்வாள். அறை விருந்தாளிகளுக்காக. விருந்தாளிகளோ, எல்லா வீட்டிலும் போல, பின்வாசல் வழியாக வந்து சமையலறையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுவிட்டுப் போனார்கள். நெவில் கடைசியாக அந்த சோபாவில் உட்கார்ந்தது மாமியார் செத்த அன்று. அன்றைக்கும் அவருக்கு அடியில் செய்தித்தாள் விரித்திருந்தது.

மகன் ஷான் ஆஸ்திரேலியாவுக்குப் போய்க் குடியேறிய பிறகு அறைக்கு ஒரு காரணமும் கிடைத்தது. "ஷான் வந்தா உக்கார ஒரு நல்ல எடம் வேண்டாமா?" ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஷான், "அடுத்த வருஷம் வர்றேம்மா," என்பான். கிளெண்டா ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போடுவாள். அவன் வரமாட்டான் என்று நெவிலுக்குத் தெரியும். அந்த அறையைக் கேட்பதும் அதை வாய்விட்டுச் சொல்வதும் அவருக்கு ஒன்றுதான். அதற்கு அவரிடம் தைரியம் இல்லை.

"பாத்ரூம் இருக்கு," என்றார். "அங்க அவ போனதே இல்ல."

பச்சைப் பொய். குளியலறைக் கால்மிதியில் பாதி மேபெலின் வயிற்றில்தான் இருந்தது.

பலன் அன்று சாயங்காலமே கிடைத்தது. எழுந்து நிற்கத் தெம்பில்லாதவள் என்று எல்லோரும் கண்ணீர் விட்ட மேபெல், தன் குளியலறையில் அந்நியனைக் கண்டதும் பாய்ந்தாள். கெவினின் முதுகுமுடி பஞ்சுபஞ்சாகப் பறந்தது. விலக்கப் போன நெவிலின் கட்டைவிரலில் நல்ல கடி. கெவின் குளியல் தொட்டிக்குள் குதித்து, ஏற முடியாமல் வழுக்கி வழுக்கி விழுந்தான். போனில் பெர்னிஸ் கத்திய கத்தல் சமையலறை வரை கேட்டது.

"மூக்கே படாத எடம்னு தமாஷுக்கா சொன்னேன்? ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியா வரலேன்னா கெவினைத் திருப்பிக் கொண்டாந்துடு. அவனைக் கேட்டு வேற ஆளுங்க நிக்கறாங்க."

ஒரு காது தொங்கிய கெவினுக்கும் கிராக்கி இருந்தது.

அந்த இரவு மேபெல் கூழைத் துப்பினாள். மறுநாள் காலையிலும் துப்பினாள். தூக்கினால் துணிப்பை மாதிரி இருந்தாள். நெவில் அவளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"கிளெண்டா, இந்த முன்னறை..."

"முன்னறைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. ஜன்னல் தொடைக்கணுமோன்னு கேட்டேன்."

இவ்வளவு வீரம் பொருந்திய மனுஷர் வேறு என்னதான் செய்வார்? வியாழக்கிழமைக்குக் காத்திருந்தார். அன்றைக்குக் காலையில் கிளெண்டா தலைமுடி செட் பண்ணிக்கொள்ளப் போவாள். மதியம்தான் திரும்புவாள். அவள் தெருமுனை திரும்பியதும் முன்னறைக் கதவைத் திறந்தார். பழைய படுக்கை விரிப்புகளைக் கம்பளத்தின் மேல் பரப்பினார். துணி காயப்போடும் மடக்குச் சட்டங்களை வட்டமாக நிறுத்தி வேலி கட்டினார். நடுவில் ஒரு கட்டுக் கொத்தமல்லி. தன் சொந்த வீட்டில் திருடுகிறவர் மாதிரி ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, முயல்களை உள்ளே விட்டார்.

வேலியைக் கெவின் ஒரே முட்டில் சாய்த்தான். நேராக விரிப்பில்லாத இடமாகப் பார்த்துப் போய், வெண்ணெய் நிறக் கம்பளத்தில் தாராளமாக நனைத்தான். மேபெல் அவனைத் துரத்தினாள். அவன் அவளைத் துரத்தினான். சோபாவைச் சுற்றி, அலமாரியைச் சுற்றி, கோப்பைகள் கிணுகிணுக்க ஓட்டம். ஆனால் கடி இல்லை. கடைசியில் இரண்டும் களைத்து ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தன. நெவிலும் தரையில் உட்கார்ந்தார்.

அப்போது கதவு திறந்தது.

முடி செட் பண்ணுகிறவளுக்குக் காய்ச்சல். கிளெண்டா மழைக்கோட்டும் பிளாஸ்டிக் மழைத்தொப்பியுமாக நின்றாள். விரிப்புகளைப் பார்த்தாள், சாய்ந்த சட்டங்களைப் பார்த்தாள், ஈரத்தைப் பார்த்தாள்.

"கிளெண்டா, நான் சொல்லணும்னுதான்..."

"வாயை மூடு."

திட்டத்தான் வாயெடுத்தாள். ஆனால் அந்த நேரம் பார்த்து மேபெல் மெல்ல நகர்ந்து, கெவின் முன்னால் தலையைத் தரையோடு தாழ்த்தினாள். பிரிகேடியர் இருந்தவரை தினமும் அவனிடம் அப்படித்தான் தலையைக் கொடுப்பாள். கெவின் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு அவள் நெற்றியை நக்கினான். கண்ணுக்கு மேலே, காதடியில், திரும்பத் திரும்ப. மேபெல் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஒரு கொத்தமல்லித் தண்டை இழுத்துக் கடித்தாள். நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டது.

கிளெண்டா நனைந்த கோட்டோடு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது திங்குது, நெவில்."

"ஆமா."

"சனியன், என் கம்பளத்துல உக்காந்து திங்குது," என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நெவிலும் அழுதார்.

கைப்பையில் போன் அடித்தது. வியாழக்கிழமை ஷான் கூப்பிடும் நேரம். அங்கே சாயங்காலம். அவள் யோசிக்காமல் எடுத்தாள். திரையில் மகன் முகம் வந்தது. வந்ததுமே மாறியது.

"அம்மா, எங்க உக்காந்திருக்கே?"

"முன்னறைல."

"யாரு செத்துட்டாங்க?"

"ஒருத்தரும் சாகலடா. பிரிகேடியர்தான் போயிட்டான். அதான் அன்னைக்கே சொன்னேனே. இது மேபெலுக்குப் புது மாப்பிள்ளை." போனைத் திருப்பிக் காட்டினாள்.

ஷான் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"மொசல் உக்காந்திருக்கு," என்றான். "அந்த வீட்டுலயே பொறந்து வளந்தேன்மா நான். அந்த சோபால என்னை ஒரு தடவை உக்கார விட்டிருக்கியா? கதவுகிட்ட நின்னாலே அதட்டுவே."

"உனக்காகத்தானேடா வெச்சிருந்தேன்."

"தெரியும்மா. அதான் பயமா இருக்கு. என் பசங்க ஒரு எடத்துல நிக்க மாட்டாங்க. அவங்களைக் கூட்டிட்டு அங்க வந்தா, எதைத் தொடுவாங்களோ, நீ என்ன சொல்லுவியோன்னு... ஒவ்வொரு வருஷமும் டிக்கெட் பார்ப்பேன். அப்பறம் வேண்டாம்னு விட்டுடுவேன்."

கெவின் சோபாவின் அடிவிளிம்பில் வேலையை ஆரம்பித்திருந்தான். துணி கிழியும் சத்தம் கேட்டு நெவில் பதறி எழுந்தார். கிளெண்டா கையை நீட்டித் தடுத்தாள்.

"விடு. கடிக்கட்டும்." போனை முகத்துக்கு நேரே பிடித்தாள். "ஷான், கம்பளம் போச்சு. சோபாவும் போயிட்டிருக்கு. இனிமே இங்க காவல் காக்கறதுக்கு ஒண்ணுமில்ல. பசங்களைக் கூட்டிட்டு வா."

வழக்கமான "அடுத்த வருஷம்" இப்போது வரும் என்று நெவில் காத்திருந்தார்.

"ஜூலைல அவங்களுக்கு லீவும்மா," என்றான் ஷான். பிறகு, பாதி கிண்டலும் பாதி பயமுமாக, "வாசல்ல ஷூவைக் கழட்டணுமா?"

கிளெண்டா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். மழைத் தண்ணீர் சொட்டும் ஷூ இரண்டும் வெண்ணெய் நிறக் கம்பளத்தின் நடுவில் இருந்தன. கதவிலிருந்து சோபா வரை சேற்றுத் தடம்.

"நானே கழட்டலடா," என்றாள்.