பாங்குக்குப் பிறகு கரண்ட் இல்லை

மம்பட்டிப் பிடி இரண்டாவது தடவை இறங்கியபோது தோட்ட வேலைக்காரன் நாகமுத்துவின் முழங்கையில் எலும்பு முறிந்த சத்தம் முற்றத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. பிளாஸ்டிக் கதிரைகளில் உட்கார்ந்திருந்த பள்ளிவாசல் ஜமாஅத்தார் எழுந்துவிட்டார்கள். ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் எழவில்லை. எழுபத்திரண்டு வயதிலும் கதிரையில் முதுகு சாயாமல் உட்காருபவர் அவர். இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

"கரண்ட நிப்பாட்டாம எங்கடா போன? வாயத் தொறடா!"

அடித்தவன் ஸஜ்ஜாத், ஹாஜியாரின் மருமகன். உள்ளே, அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டுவதற்காகக் கிடத்தியிருந்தது அவனுடைய உம்மா மபாஸாவை. ஹாஜியாருக்கு அவள் ஒரே தங்கை. விதவையான பிறகு அலுவிகாரையில் அவருடைய வீட்டிலேயே இருந்தவள்.

நாகமுத்து மண்ணில் புரண்டு எழுந்து உட்கார்ந்தான். உதடு கிழிந்து பற்களெல்லாம் சிவந்திருந்தன. அவன் ஸஜ்ஜாதைப் பார்க்கவில்லை. ஹாஜியாரைப் பார்த்தான்.

"மொதலாளி..." என்றான்.

"மையித் வீட்டுல ரத்தம் சிந்த வாணாம் மகன்," என்றார் பக்கத்து வீட்டு ஸுஹைல்.

"செத்தது உங்கட உம்மாவா? சும்மா இருங்க!"

அந்தக் குடும்பத்தின் முற்றத்தில் மூன்று தலைமுறையாக யாரும் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை.

மாசி முடிவில் நட்ட இஞ்சியைக் காட்டுப்பன்றி இரண்டு முறை கிளறிவிட்டுப் போனது. தன் வளவுக்குள் பன்றியின் குளம்புத் தடத்தைக் கண்ட அன்றே ஹாஜியார் பாத்திகளைச் சுற்றிக் கம்பி இழுக்கச் சொன்னார். வீட்டு மின்சாரத்தை நேரே அந்தக் கம்பியில் கொடுத்தார். கம்பியைக் கட்டியவன் நாகமுத்து.

"மொதலாளி, இது பன்னிய மட்டும் பாத்து அடிக்காதுங்க. ஆளையும் அடிச்சுப்புடும்."

"ராவு இஷா தொழுகைக்குப் பொறகு நான் போடுவேன். விடிய ஸுபஹ் தொழுகைக்கு எழும்பி நானே நிப்பாட்டுவேன். நாப்பது வருஷமா நான் ஸுபஹ் ஜமாஅத்த விட்டதில்ல. பள்ளியில பாங்கு சொன்ன பொறகு கம்பியில கரண்ட் இல்ல. வீட்டுல எல்லாருக்கும் சொல்லிவை."

நாகமுத்து சொல்லிவைத்தான். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் சுவிட்சைப் பார்க்கப் போனதில்லை. பாங்கைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

நேற்றுப் பின்னேரம் மபாஸா தன் பின்னல் வேலைகளைக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தாள். சித்திரை லீவுக்கு ஸஜ்ஜாத் அவளை நான்கு நாள் நுவரெலியாவுக்குக் கூட்டிப் போகவிருந்தான். பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்குச் சிவப்புச் சட்டை, தனக்கொரு சாம்பல் நிறச் சால்வை, நானா என்று அவள் கூப்பிடும் அண்ணனுக்கு வெள்ளைத் தொப்பி. மூன்றும் பாதியில் நின்றன.

"நானா, எத எடுத்துக்கிட்டுப் போக?"

"ஒண்டும் வாணாம். ஹோட்டல்ல போய் ஊசியும் கையுமா இருந்தா, ஸெய்னுலாப்தீன்ட தங்கச்சி பின்னி வித்துச் சாப்பிடுறாளாம்டு சொல்லுவாங்க."

"குளிருக்குப் போறவ கம்பளி நூலத் தொடாம வேற எதத் தொட? நீங்க போங்க. உங்களுக்குப் பெருமையத் தவிர ஒண்டும் தெரியாது."

அவள் மட்டுந்தான் அவரிடம் அப்படிப் பேசலாம். மிஞ்சிய சிவப்பு நூலை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். இஞ்சி முளை விட்டிருந்தது. தான் ஊரில் இல்லாத நாளில் யாரும் மிதித்துவிடக் கூடாதென்று முளைக்கொரு குச்சி நட்டு நூல் கட்டினாள்.

"நாகமுத்துட கால் யானக் கால், நானா," என்று சிரித்தாள். இருட்டியபோது ஒரு பாத்தி மிச்சம் இருந்தது. "அத விடியக் கட்டிட்டுத்தான் வேன்ல ஏறுவேன்."

இன்று காலை ஹாஜியார் விழித்தது பாங்குக்கு அல்ல. மனைவி ஹவ்வாவின் அலறலுக்கு. அப்போது நன்றாக வெளுத்திருந்தது. காய்ச்சலில்லை, மருந்தும் குடித்திருக்கவில்லை. ஏன் எழும்பவில்லை என்பதற்கு அவரிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. தோட்டத்துக்கு ஓடினார். ஆறு மணிக்கு வேலைக்கு வந்த நாகமுத்து சுவிட்சை நிறுத்திவிட்டு மபாஸாவைக் கம்பியிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தான். உள்ளங்கைத் தோல் கம்பியோடு ஒட்டிக் கழன்று வந்தது. மற்றக் கை நூலுருண்டையை விடவில்லை.

ஏழு மணிக்கு ஸஜ்ஜாத் வேனோடு வந்தான். பொலிசுக்குச் சொன்னால் கம்பிக்காக வழக்கு, மையித்துக்கு போஸ்ட்மோர்ட்டம். கிராம சேவகரிடம் மாரடைப்பு என்று சொல்லி நண்பகல் லுஹர் தொழுகையோடு அடக்கிவிடலாம் என்றார் ஸுஹைல். உம்மாவை வெட்டவிட ஸஜ்ஜாதுக்கும் மனமில்லை. ஒன்று மட்டும் கேட்டான்.

"மாமா, சுவிட்ச நிப்பாட்டாம விட்டது யாரு?"

ஹாஜியார் கண்ணை மட்டும் நாகமுத்துவின் பக்கம் திருப்பினார். அது போதுமானதாக இருந்தது.

இப்போது ஸஜ்ஜாத் மம்பட்டிப் பிடியை எறிந்துவிட்டுச் சுவரோரம் சாத்தியிருந்த அலவாங்கை எடுத்தான். இரும்பைக் கண்டதும் ஜமாஅத்தார் பின்வாங்கினார்கள். நாகமுத்து முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

ஹாஜியார் எழுந்தார்.

"நான் இண்டைக்கு ஸுபஹுக்கு எழும்பல்ல."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் முற்றம் முழுக்கக் கேட்டது. ஸுஹைல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று ஸுபஹில் முதல் ஸஃப் வரிசையில் தனக்குப் பக்கத்து இடம் காலியாகக் கிடந்ததை அவர் கண்டிருந்தார். மற்றவர்களும் கண்டிருந்தார்கள்.

"நிப்பாட்டினது நாகமுத்து. நிப்பாட்டாதது நான்."

அலவாங்கு கல்லில் விழுந்தது. அடுத்த கணம் ஸஜ்ஜாதின் முஷ்டி அவர் வாயில் இறங்கியது. தொப்பி தெறித்தது. இன்னொன்று, காதோரம். ஹாஜியார் கையைத் தூக்கவில்லை. விழவுமில்லை.

"அவன அடிக்கக்குள்ள பாத்துக்கிட்டு இருந்தீங்களே! பாத்துக்கிட்டு இருந்தீங்களே மாமா!"

மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை பாதியில் நின்றது. ஸஜ்ஜாத் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஸுஹைல், நாகமுத்துவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. பொலிசுக்கு நான் கோல் எடுக்கிறேன்," என்றார் ஹாஜியார்.

ஹவ்வா வாசலுக்கு வந்தாள். மையித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த கைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மையித்த வெட்டக் குடுக்கப் போறீங்களா? உங்கட பேருக்காகவா?"

"என்ட பேர் போயிட்டுது," என்றார். வாயிலிருந்து இரத்தம் தாடிக்கு இறங்கியது. துடைக்கவில்லை.

ஒரு மணித்தியாலத்தில் சார்ஜன்ட் ஒருவரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் வந்தார்கள். இறந்தவரின் அடையாள அட்டை வேண்டும் என்றார் சார்ஜன்ட். ஹவ்வா மபாஸாவின் பயணப் பையைக் கொண்டுவந்து கதிரையில் வைத்துத் திறந்தாள். அபாயா, சோல், துவாய். அவற்றுக்கெல்லாம் அடியில், சுருட்டி மறைத்து, சிவப்புச் சட்டை, சாம்பல் சால்வை, வெள்ளைத் தொப்பி. மூன்றும் இருந்தன, ஊசிகளோடு. ஹவ்வா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கதிரைக் கையில் போட்டாள். அடையாள அட்டை அதற்கும் கீழே கிடந்தது.

சால்வை நழுவித் தரையில் விழுந்தது. ஹாஜியார் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டிப் பழைய இடத்தில் வைத்தார்.

"இடத்தைக் காட்டுங்க," என்றார் சார்ஜன்ட் சிங்களத்தில்.

ஹாஜியார் முன்னால் நடந்தார். நாகமுத்து அவளை எடுக்க அறுத்த கம்பி நிலத்தில் சுருண்டு கிடந்தது. சிவப்பு நூல் கட்டிய குச்சிகள் வரிசை வரிசையாக நின்றன. அவற்றைக் கண்டு சார்ஜன்ட் கவனமாக விலகி நடந்தார். கடைசிப் பாத்தியில் வெறும் மண்ணும் சருகும் மட்டும் தெரிந்தன. அதில் இறங்கக் காலைத் தூக்கினார்.

"அங்க மிதிக்க வேணாம், சார்," என்றார் ஹாஜியார். "நூல் கட்டல்ல. ஆனா முளை இருக்கு."

தூக்கிய சப்பாத்துக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் சார்ஜன்ட் சற்று நேரம் ஒற்றைக் காலில் நின்றார்.