எட்டாம் நாள் பேச்சு

புதுச்சேரியில் அந்தத் தெருவுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. அடக்கம் முடிந்த எட்டாம் நாள் காலைப் பூசை கண்டுவிட்டு, எல்லாரும் நேராகச் செத்தவர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அன்றைக்கு யாரும் அழக் கூடாது. செத்தவரைப் பற்றி ஊருக்குத் தெரியாத ஒன்றை ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும். சிரிப்பு வந்தால் சிரிக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். செத்தவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தவர் எவரோ அவர்தான் கடைசியாகப் பேச வேண்டும். அதற்குப் பிறகு காப்பி. அதோடு துக்கம் முடிந்தது என்று கணக்கு. துக்கம் அப்படியெல்லாம் சொன்னபடி கேட்டு முடிந்துவிடுமா என்று கேட்கலாம். வழக்கத்தை உண்டாக்கிய மகானுபாவர்கள் பதில் சொல்ல இப்போது இல்லை.

பெர்னதெத் வெள்ளைச் சேலையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், பாயை நகர்த்திப் போட்டாள். எல்லாம் கைப் பழக்கத்தில் நடந்தது. அலெக்சாண்டர் செத்துவிட்டான் என்பது அவள் காதில் விழுந்திருந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. தேங்காய்த்திட்டுக்குப் போய்ட்டு வந்துட்றேன் என்று சொல்லிவிட்டுப் போன ஆள். அவ்வளவுதான் அவளுக்கு நினைவிருந்தது.

அவன் பேண்டில் கிளாரினெட் வாசித்தான். மொத்தமே நாலு பேர். அடுத்த வீட்டுச் சூசைநாதன் ட்ரம்பெட், ஆரோக்கியம் சின்ன டிரம், லூர்துநாதன் பெரிய டிரம். நாலு பேருக்கும் பித்தளைப் பொத்தான் வைத்த சிவப்புக் கோட்டு. தெருவில் கல்யாணமானாலும் சாவானாலும் அந்தச் சிவப்புக் கோட்டுகள் வராமல் ஒன்றும் நகராது.

முப்பத்துநாலாம் வருஷம் ஆனி மாதம், தேங்காய்த்திட்டு ராமலிங்கம் தன் மகள் கல்யாணத்துக்கு நாதஸ்வரம் இருக்கும்போதே பேண்டும் வந்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கையில் பணம் புரளுகிறவர்களுக்கு ஒரு சத்தம் போதாது. தாலி கட்டின மறுநாள் காலை பெண்ணும் மாப்பிள்ளையும் ஓர் ஓடத்தில், பேண்டு இன்னோர் ஓடத்தில் என்று பட்டணத்துக்குக் கிளம்பினார்கள். ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்துப் பக்கத்தில் பெண்ணின் ஓடம் இவர்களை ஒட்டி வந்தது. பெண்ணுக்கு மரியாதை செய்ய வேண்டாமா? நாலு பேரும் எழுந்து நின்று, ஒரே பக்கமாகத் திரும்பி, மூச்சைப் பிடித்து வாசித்தார்கள். ஓடத்தில் எழுந்து நிற்கிற புத்தி பேண்டுக்காரர்களைத் தவிர வேறு யாருக்காவது வருமா? ஓடம் குடைசாய்ந்தது.

ஓடக்காரன் நீந்திக் கரையேறினான். லூர்துநாதன் பெரிய டிரம்மைக் கட்டிக்கொண்டு மிதந்தார். ஆரோக்கியத்தின் உடல் அன்றைக்கே கிடைத்தது. அலெக்சாண்டரையும் சூசைநாதனையும் தண்ணீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மூன்றாம் நாள் வடக்கே கனகசெட்டிக்குளத்தில் ஓர் உடல் ஒதுங்கியது. சிவப்புக் கோட்டுப் போட்ட உடல். முகத்தை மீன்கள் விட்டுவைக்கவில்லை. கட்டை வண்டியில் கொண்டுவந்தபோது பெர்னதெத்தைக் கிட்டே விடாமல் நாத்தனார் மதலேன் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பாயால் மூடிய உடலிலிருந்து கோட்டின் ஓரத்தை மட்டும் புரட்டிக் காட்டினார்கள். உள்துணி கிழிந்த இடத்தில் பச்சைப் பட்டுத் துண்டு வைத்துத் தைத்த ஒட்டு இருந்தது. அவளுடைய சேலைத் துண்டு, அவள் போட்ட தையல். “அவருதான்” என்றாள். அதற்கு மேல் அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கு மாலையே உப்பளத்துக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். பெட்டி கனம் தாங்கவில்லை என்று தூக்கியவர்கள் முணுமுணுத்தார்கள். தண்ணி குடிச்ச ஒடம்பு அப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். மேரி என்கிற பிரெஞ்சு நகராட்சி ஆபீசில் சாவும் பதிவாயிற்று.

சூசைநாதன் மட்டும் கிடைக்கவில்லை. அதனால் அவன் மனைவி ரோசா விதவையும் ஆகவில்லை. தலையில் பூவும் கழுத்தில் தாலியுமாக, கட்டுமரம் கரைக்கு வருகிற நேரமெல்லாம் கடற்கரையில் போய் நின்றாள். சிவப்புக் கோட்டுப் போட்ட ஆளைப் பார்த்தீர்களா என்று வலைக்காரர்களைக் கேட்டுக்கொண்டே இருந்ததில், அவர்கள் அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“கப்பல்காரன் எவனாவது தூக்கிப் போட்டுக்கினு போயிருப்பான். காரைக்கால்ல எறக்கி வுட்டிருப்பான். வந்துடுவாரு பாரேன்” என்பாள்.

ஒருநாள் பெர்னதெத்துக்குப் பொறுக்கவில்லை. “வரமாட்டாருக்கா. மனசத் தேத்திக்க. எனக்கு ஒரு குழியாவது கெடச்சுது, ஒனக்கு அதுவும் இல்லியேன்னுதான் எனக்கு வயிறு எரியுது” என்று பட்டென்று சொல்லிவிட்டாள்.

ரோசா கோபித்துக்கொள்ளவில்லை. “ஒனக்குக் கெடச்சாரு, நீ அழு. எனக்குக் கெடைக்காத வரிக்கும் நான் அழமாட்டேன்” என்றாள். எட்டாம் நாளன்று விடிந்ததும் விடியாததுமாக வந்து, நீ போய் உக்காரு என்று பெர்னதெத்தை அனுப்பிவிட்டு, பின்கட்டில் காப்பிக்கு அடுப்பு மூட்டியதும் அவள்தான்.

பேச்சு ஆரம்பித்தது. ஆரோக்கியத்தையும் சேர்த்தே பேசினார்கள். சொந்த அண்ணன் சவ ஊர்வலத்தில் பழக்க தோஷத்தில் கல்யாண அடி அடித்துவிட்டு, கல்லறை வரைக்கும் அதை மாற்றத் தெரியாமல் அடித்துக்கொண்டே போனவன் ஆரோக்கியம் என்று, பூசைக்கு மணியடிக்கிற கோயில்பிள்ளை சொன்னார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் எல்லாரும் சிரித்தார்கள். அலெக்சாண்டர் பூனைக்குப் பயப்படுவான் என்று ஒருவர் சொன்னார். சின்ன வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்து பேண்டு சர்க்கார் தோட்டத்தில் வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மதிலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, ராத்திரியெல்லாம் பப்பாளிக் குழலை ஊதி வீட்டில் யாரையும் தூங்கவிட மாட்டான் என்று மதலேன் சொன்னாள். பெர்னதெத்துக்கு அது தெரியாது. இத்தனை நாளில் முதல்முறையாக அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

கடைசியாக லூர்துநாதன். கடல் தண்ணீர் குடித்துக் காய்ச்சலில் விழுந்தவர், நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். அடக்கத்துக்கு அவர் வரவில்லை. அலெக்சாண்டர் கிடைத்துவிட்டார், புதைத்துவிட்டோம் என்று சொன்னார்களே தவிர, வேறு எதையும் அந்த மனுஷரிடம் யாரும் சொல்லவில்லை.

“தங்கச்சி, ஒன் ஊட்டுக்காரரு மனசு யாருக்கும் வராது” என்று ஆரம்பித்தார். “அன்னிக்கிக் காலையில என்னா ஆச்சு தெரியுமா? நம்ம சூசைநாதன் கல்யாண ஊட்டுல விட்டேனா பாருன்னு சாப்ட்டுட்டு, ஓடத்துல ஏறுனா கோட்டுப் பொத்தான் மாட்டல. வயித்த எக்கிப் பாக்கறாரு, மூச்சப் புடிச்சிப் பாக்கறாரு, ம்ஹூம். பொண்ணு ஊட்டுக்காரங்க எல்லாம் பாத்துச் சிரிக்கறாங்க. மனுசன் அழாத கொற. அலெக்சாண்டர்தான், ‘என் கோட்டு எனக்குத் தொளதொளன்னுதான இருக்கு, நீ போட்டுக்க, ஒன்னுத நான் போட்டுக்கறேன்’னு கழட்டிக் குடுத்தாரு. ரெண்டு பேரும் மாத்திக்கினாங்க. அளவெடுத்துத் தெச்ச மாரி இருந்துச்சு ரெண்டு பேருக்கும். ‘இத்தினி வருசமா தப்புக் கோட்டுல வாசிச்சிருக்கோம் பாரு’ன்னு சிரிச்சிக்கினே எழுந்து நின்னாரு. அதான் நான் கடைசியாப் பாத்தது.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை.

“ஏன் எல்லாரும் இப்டிப் பாக்கறீங்க?” என்றார்.

பாயின் அடியில் தெரிந்த பச்சைத் துண்டு, பெட்டியைத் தூக்கியவர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிப் பட்ட பாடு, புதைகுழியில் தான் போட்ட பிடி மண், எல்லாம் ஒரே சமயத்தில் பெர்னதெத்தின் கண்முன் வந்து நின்றன. ஐயோ, நான் யாருக்கு மண் போட்டேன்? யாரை நினைத்து யாருடைய பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதேன்? எதிரே கோயில்பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டார்.

மதலேன்தான் முதலில் சுதாரித்தாள். நாத்தனார்களுக்கு இந்த மாதிரி நேரத்தில் எங்கிருந்துதான் புத்தி வருமோ. பெர்னதெத்தின் கையை இறுக்கிப் பிடித்து, காதோடு சொன்னாள்.

“வாயத் தொறக்காத. பொதச்சது பொதச்சதாவே இருக்கட்டும். ரெண்டு பேரும் போய்ச் சேந்தது சேந்ததுதான், யாரு எந்தக் குழியில கெடந்தா என்னா? மேரியில எழுதியாச்சு. ஒனக்கு அழறதுக்கு ஒரு எடம் வேணும். ரோசா நம்பிக்கினு இருக்கா, இருந்துட்டுப் போறா.”

தப்பு என்று சொல்ல முடியாத பேச்சுதான். பக்கத்தில் இருந்தவர் காதோடு விஷயத்தைச் சொன்னதும் லூர்துநாதன் வாயைப் பொத்திக்கொண்டார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பெர்னதெத்தின் வாயையே பார்த்தார்கள். அவள் பேசாமல் இருந்தால் அவர்களும் பேச மாட்டார்கள், சாகிறவரை பேச மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அலெக்சாண்டர் பெயர் எழுதிய சிலுவை அவளுக்கு இருக்கும். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோக ஓர் இடம் இருக்கும். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

அப்போது ரோசா தட்டு நிறையக் காப்பி டம்ளர்களோடு பின்கட்டிலிருந்து வந்தாள். தலையில் புதுப் பூ.

“என்னா, பேச்சு அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா? இப்டி உம்முன்னு உக்காந்திருக்கீங்க? இன்னிக்கி அழக் கூடாதுன்னு தெரியாது?” என்று எல்லாரையும் அதட்டினாள். பெர்னதெத்தின் முன்னால் குனிந்து முதல் டம்ளரை நீட்டினாள். “இந்தா, நீ மொதல்ல குடி. காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல.”

அந்த டம்ளரைப் பெர்னதெத்தால் வாங்க முடியவில்லை.

“அக்கா, நம்ம பொதச்சது ஒன் ஊட்டுக்காரர” என்றாள்.

ரோசாவுக்கு விளங்கவில்லை. பெர்னதெத் சொன்னாள். கோட்டை மாற்றிக்கொண்டதைச் சொன்னாள், பச்சைத் துண்டைச் சொன்னாள், பெட்டி கனத்ததைச் சொன்னாள். தன் குரல் எங்கோ தள்ளி நின்று யாரோ பேசுவதாகக் கேட்டது. ரோசா குனிந்தபடியே கேட்டாள். லூர்துநாதனைப் பார்த்தாள். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

ரோசா நிமிர்ந்தாள். அடுத்த ஆளிடம் போய் டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார், வாங்காமல் என்ன செய்வார்? ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே போனாள். “சக்கர பத்துதா?” என்று கோயில்பிள்ளையைக் கேட்டாள். பத்துது என்று அவர் தலையை ஆட்டினார். கடைசி டம்ளரையும் கொடுத்துவிட்டுத் தட்டைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு தெருவில் இறங்கி, செருப்பில்லாத காலோடு, தெற்கே உப்பளத்தைப் பார்த்து நடந்தாள். முதலில் நடந்தாள், வாய்க்காலைத் தாண்டியதும் ஓட ஆரம்பித்தாள்.

தெருவே பின்னால் ஓடியது. பெர்னதெத் போய்ச் சேர்ந்தபோது ரோசா மண்மேட்டின் மேல் குப்புற விழுந்து கிடந்தாள். தலையில் இருந்த பூவைப் பிய்த்து எறிந்திருந்தாள். என்னப் பெத்த ராசா, ஒன்ன இங்க வச்சிக்கினு நான் கடலப் பாத்துக் கெடந்தேனே, எவ எவளோ மண்ணு போட்டாளே, நான் போடலியே என்று அவள் கதறியதைக் கேட்டு, எட்டாம் நாள் வழக்கத்தை எல்லாரும் மறந்துபோனார்கள். ஆம்பிளைகளே விக்கி விக்கி அழுதார்கள்.

பெர்னதெத் மட்டும் அழவில்லை. ரோசா அழுது ஓய்ந்து தலையைத் தூக்கியபோது, அவள் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

“நீ ஏன்டி அங்க நிக்கற?” என்றாள் ரோசா. “வா, உக்காரு. இத்தினி நாளா இவருக்கு நீதான அழுத. ஒனக்கில்லாத உரிமையா?”

பெர்னதெத் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, எங்க ஊட்டுக்காரருக்கு நல்லா நீச்சல் தெரியும்க்கா” என்றாள்.

ரோசா சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள்.

“நீ சொன்னியே, கப்பல்காரன் எவனாவது தூக்கியிருப்பான்னு. அது நடக்காதுன்னு சொல்ல முடியுமா? காரைக்கால்ல எறக்கி வுட்டிருந்தா இந்நேரம்...”

“அய்யோ, வேணாம்டி!” ரோசா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மண் ஒட்டிய கை. “அந்தப் பாடு எனக்குத் தெரியும்டி. சோறு எறங்காது. தெருவுல எவன் நடந்தாலும் எழுந்து ஓடுவ. வேணாம். நான் சொல்றதக் கேளு. இங்கயே உக்காரு. ரெண்டு பேருக்கும் சேத்து இங்கயே அழுதுட்டுப் போயிடலாம்.”

பெர்னதெத் ஒவ்வொரு விரலாக விடுவித்துக் கையை எடுத்துக்கொண்டாள். எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கல்லறை வாசலைத் தாண்டிக் கிழக்கே திரும்பினாள். மதலேன் பதறிப்போய்ப் பின்னால் ஓடிவந்து, எங்க போற, எங்க போற என்று முந்தானையைப் பிடித்தாள்.

“கட்டுமரம் கரைக்கு வர்ற நேரம் அண்ணி” என்றாள் பெர்னதெத். “கேட்டுட்டு வந்துட்றேன்.”