பதினாறு அடிக் குழாய்

ஓடுகிற காரைப் படம் பிடிக்க அந்தக் கார் ஓடவே வேண்டியதில்லை என்று போட்டோக்காரி சொன்னதும், பட்டறைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பழைய கார்களைப் பிரித்து மேய்ந்து புதிதாக்கித் தருவது அவர் தொழில். இரண்டு வருடம் மாடாய் உழைத்து ஒரு பச்சைக் காருக்கு உயிர் கொடுத்திருந்தார். அது சீறிப் பாய்கிற மாதிரி ஒரு படம் எடுத்து, பட்டறை வாசலில் ஆளுயரத்துக்கு மாட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"நிக்கிற வண்டி எப்படிம்மா பாயும்?"

"நடக்குற வேகத்துல தள்ளினா போதும் சார். கேமராவை வண்டியிலேயே கட்டிடுவோம். ரெண்டு செகண்டு அது கண்ணைத் திறந்து வச்சிருக்கும். வண்டியும் கேமராவும் சேர்ந்தே நகர்றதால வண்டி தெளிவா விழும். ரோடு, சுவரு எல்லாம் கோடு கோடா இழுத்துக்கும். பாக்குறவங்களுக்கு நூறு கிலோமீட்டர் வேகம்னு தோணும்."

"பித்தலாட்டம்னு சொல்லு."

"நீங்க துருப்பிடிச்ச டப்பாவுக்குப் பெயின்ட் அடிச்சுப் புதுசுங்கிறீங்களே, அந்த அளவுதான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றே வேலை தொடங்கியது.

கேமரா காரிலிருந்து பத்தடியாவது தள்ளி நிற்க வேண்டும். அதே சமயம் காரை விட்டு இம்மியும் அசையக் கூடாது. முதலில் வாங்கிய இரும்புக் குழாய் தன் பாரத்திலேயே தொங்கிப்போனது. அடுத்து அலுமினியத்தில் எட்டடிக் குழாய்கள் இரண்டை எடுத்து, நடுவில் மரை வெட்டி இணைத்தார்கள். கண்ணாடிக் கடைகளில் பெரிய தகடுகளைத் தூக்கப் பயன்படும் ரப்பர் உறிஞ்சிகள் நான்கை வாங்கி வந்து, குழாயின் ஒரு முனையைப் பானட்டின் மேல் பிடிக்க வைத்தார்கள். மெழுகு போட்டுப் பளபளவென்று வைத்திருந்த பானட்டில் அவை ஒட்டுவேனா என்று அடம் பிடித்தன. பட்டறைக்காரர் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு தன் கையாலேயே மெழுகைத் துடைத்து எடுத்தார். குழாய் ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் நைலான் கயிற்றை இழுத்துக் கட்டினாள் அவள். காரின் முன்னால், இடது பக்கமாகச் சாய்வாக நீண்டு நின்ற குழாயின் நுனியில், முழங்கால் உயரத்தில், கேமரா காரைப் பார்த்தபடி உட்கார்ந்தது. குழாயைப் பிற்பாடு கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாம்.

ஸ்டியரிங் பிடிக்க நிதானமான கை வேண்டும் என்றபோது அவளுக்கு அண்ணன் நினைப்புத்தான் வந்தது. பத்தொன்பது வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறவர். வேனில் ஒரு கீறல் கிடையாது. அவளுடைய ஏழு வயது மகளும் அந்த வேனில்தான் போய்வருகிறாள்.

சனிக்கிழமை காலை, மூடிக் கிடந்த ஒரு சரக்குக் கிடங்கின் பின்பக்கத்துக்குக் காரைக் கொண்டுபோனார்கள். நீளமான சிமென்ட் பாதை, இடது ஓரம் முழுக்கத் தூண்கள். எஞ்சின் ஓடினால் அதிர்வில் படம் கலங்கிவிடும் என்பதால் அதை நிறுத்தி வைத்தார்கள். பட்டறைக்காரரும் அவருடைய ஆட்கள் இருவரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். அண்ணன் ஸ்டியரிங்கில். போட்டோக்காரி கையில் ரிமோட்டோடு முன்னால் இடது பக்கம் நின்று, "போலாம்", "நிறுத்து" என்று குரல் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் அவள் சொன்ன இடத்தில் அச்சடித்தாற்போல் கார் நின்றது.

பத்தாவது முறைக்குக் காரை நிறுத்தி வைத்திருந்தபோது பக்கத்துக் கட்டடத்தில் யாரோ கான்கிரீட் அறுக்கத் தொடங்கினார்கள். காது கிழிந்தது. அவள் கார் ஜன்னல் அருகில் போய், "அண்ணா, இனிமே கத்தினா கேக்காது. நான் கையைத் தூக்கினா நிறுத்து" என்றாள். அண்ணன் தலையாட்டினார்.

கார் நகர்ந்தது. மூன்றாவது தூணை நெருங்கும்போது அவள் கையைத் தூக்கினாள். கார் நிற்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அண்ணன் நேராகப் பார்த்தபடியே வந்தார். பின்னால் தள்ளுகிறவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. கேமரா தூணில் மோதி நொறுங்கியது. குழாய் வில்லாய் வளைந்தது. ஓர் உறிஞ்சி பிய்த்துக்கொண்டு பறந்தது. அதன் பிறகுதான் பிரேக் விழுந்தது.

அறுக்கும் சத்தமும் அந்த நேரம் பார்த்து ஓய்ந்தது.

"பிரேக் பிடிக்கல" என்றார் அண்ணன், காரிலிருந்து இறங்கியபடி. "எஞ்சின் ஓடலைன்னா பிரேக் கல்லு மாதிரி ஆயிடும்ல."

பட்டறைக்காரர் வியர்வையைத் துடைத்தார். "அதெல்லாம் இந்தக் காலத்து வண்டியிலங்க. இதுல கால் வச்சா நிக்கும். ஒன்பது தடவை நின்னுச்சே."

போட்டோக்காரி கீழே உட்கார்ந்து உடைந்த லென்ஸைப் பொறுக்கினாள். எழுந்து, அண்ணனிடம் நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க வேண்டும் என்று அவர் இடது பக்கம் வந்து நின்றாள். கையை நீட்டினால் தொடலாம். கேட்கத்தான் போனாள்.

அண்ணன் பட்டறைக்காரரைப் பார்த்து, "தங்கச்சி எங்க? கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளா?" என்றார்.

பட்டறைக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவளுக்குக் கையில் இருந்த கண்ணாடித் துண்டுகள் கனத்தன. அவள் மெதுவாகக் கையைத் தூக்கி அண்ணனின் முகத்துக்குப் பக்கத்தில் ஆட்டினாள். அவர் இமைகூட அசையவில்லை.

"அண்ணா" என்றாள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முகம் முழுதாக அவள் பக்கம் வந்த பிறகுதான் கண் அவளைக் கண்டுபிடித்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை நாளா?"

அவர் காரின் மேல் சாய்ந்துகொண்டார். "எட்டு மாசம் இருக்கும். இடது கண்ணு சுத்தமா இல்ல. வலது கண்ணுல நேரா இருக்குறது தெரியும். ஒரு பைப்பு வழியா பாக்குற மாதிரி."

"டாக்டர்?"

"போனா வண்டிய விடுன்னுதானே சொல்லுவாரு."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

பதினாலு பிள்ளைகள். எட்டு மாதம். காலையும் மாலையும். கணக்குப் போடப் பார்த்தாள், பாதியில் விட்டுவிட்டாள்.

"இடது பக்கம் ஒண்ணுமே தெரியாம எப்படி ஓட்டினே?"

"உன் பொண்ணு சொல்லுவா."

"யாரு?"

"பாப்பாதான். முன் சீட்ல அவளைத்தான் உக்கார வைப்பேன். விளையாட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன். இடது பக்கம் யாருன்னு கேட்டா, பைக்கு வருது, ஆள் வருதுன்னு சொல்லணும்; யாரும் இல்லைன்னா ரைட்டுன்னு சொல்லணும். நல்லா சொல்லுவா." சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. அதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

"வேன் சாவியைக் குடு அண்ணா."

"லீவு விடுற வரைக்கும். ரெண்டே மாசம். அதுக்கப்புறம் சத்தியமா நிறுத்திடுறேன்."

"சாவி."

அவர் கொடுக்கவில்லை. விடுவிடென்று நடந்து, காலையில் பட்டறை ஆட்களை ஏற்றிவந்து வெளியே நிறுத்தியிருந்த வேனில் ஏறிக்கொண்டார். அவள் ஓடிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். காலடியில் ஒரு ரப்பரும் பென்சில் சீவலும் கிடந்தன. அண்ணன் எஞ்சினைக் கிளப்பினார். கியர் போட்டார். கைகள் ஸ்டியரிங்கில் தயாராக இருந்தன.

"இடது பக்கம் யாரு?" என்றார், பழக்கத்தில்.

அவள் பேசவில்லை.

எஞ்சின் உறுமியபடி நின்றது. வெளியே யார் யாரோ கடந்துபோனார்கள். வேன் ஓரங்குலம் நகரவில்லை. நகர்த்த அவரால் முடியவில்லை. கடைசியில் அவர் சாவியைத் திருகி அணைத்து, அதை உருவி, அவள் இருக்கும் திசையில் நீட்டினார்.

வேனைப் பட்டறைக்காரர் ஓட்டிவந்து வீட்டு வாசலில் விட்டார். அண்ணி கேட்டுவிட்டு அழவில்லை, திட்டவில்லை. கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "சட்டையில பட்டனை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டப்ப கேலி பண்ணினேனே" என்றாள். அவ்வளவுதான்.

அன்று மதியமே கண் டாக்டரிடம் போனார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை அரித்துவிட்டது, போனது போனதுதான், சொட்டு மருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். என்ன தொழில் என்று கேட்டார். அண்ணன் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து வெகுநேரம் அவரையே பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினாலு வீட்டுக்கும் அவரே போய்ச் சொல்ல வேண்டும் என்று போட்டோக்காரி ஒற்றைக் காலில் நின்றாள். அவரும் மறுக்கவில்லை. அவளும் அண்ணியும் கூடப் போனார்கள். ஒரு வீட்டில் கதவை முகத்தில் அறைந்தார்கள். ஒரு தகப்பன் சட்டையைப் பிடித்தார். அண்ணன் விடுவித்துக்கொள்ளாமல் நின்றார். ஒரு அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், தன் பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். எல்லா வீட்டிலும் அவர் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார்: "எனக்குக் கண்ணு தெரியல. தெரியலைன்னு தெரிஞ்சே ஓட்டினேன்." பதிமூன்று வீட்டிலும் கண் கலங்கவில்லை.

பதினாலாவது போட்டோக்காரியின் வீடு. மகள் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அண்ணன் அவள் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து சொன்னார்.

"அப்ப அது விளையாட்டு இல்லையா மாமா?"

"இல்லடா. மாமாவுக்கு அந்தப் பக்கம் நிஜமாவே தெரியாது."

மகள் கிரேயானைக் கீழே வைத்தாள்.

"நான் சில நாள் தூங்கிடுவேனே."

"தூங்கிட்டா?" என்றார் அண்ணன்.

"நீங்க கேப்பீங்கல்ல, இடது பக்கம் யாருன்னு. நான் கண்ணைத் திறக்காமலே ரைட்டுன்னு சொல்லிட்டு மறுபடி தூங்கிடுவேன்."

அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார். அண்ணி தோளைப் பிடித்தாள். அவர் அப்படியே சுவரில் தலையைச் சாய்த்து, தேம்பித் தேம்பி அழத் தொடங்கினார். மகள் பயந்துபோய், "இனிமே தூங்க மாட்டேன் மாமா" என்றாள்.

போட்டோக்காரி அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்பது, "வலிக்குதும்மா" என்று மகள் இரண்டாவது முறை சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.